பொட்டு வைக்காத பாலாங்

சைகோனில் தொண்ணூறுகளில் எழும்பிய மாடிக் கட்டடங்களில் பாதிக்கு நான் பொட்டு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். மாமா பக்கத்தில் இருந்திருந்தால் முக்கால்வாசி என்று கூசாமல் சொல்லியிருப்பார். அந்த விஷயத்தில் நான் அவரைவிட அடக்கமானவள்.

பொட்டு வைத்தது கட்டடங்களுக்கு அல்ல, பாலாங்குகளுக்கு. சங்கிலியை இழுக்க இழுக்க பாரத்தை மேலே ஏற்றிக் கொடுக்கும் செயின் புல்லிக்கு அங்கே அதுதான் பெயர். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன வார்த்தையை வியட்நாமியர் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள், எங்கள் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. என் அம்மாவின் தம்பியான மாமா பாலாங், சாரக் குழாய், வடம் சுற்றி இழுக்கும் விஞ்சு எல்லாவற்றையும் கட்டடக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டு வந்தார். காரைக்காலிலிருந்து வந்து சைகோனிலேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. மற்றவர்கள் எல்லாம் ஊருக்கும் பிரான்சுக்குமாகக் கிளம்பிப் போன பிறகு, சைக்கிள் ரிப்பேர் செய்து காலம் தள்ளிய மாமா, ஊர் முழுக்கக் கட்டடம் கட்டத் தொடங்கியதும் இந்தத் தொழிலுக்கு வந்தார். எங்கள் வீட்டின் பின்பக்கம்தான் அவருடைய குடோன். அப்பா டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தார். அது மரியாதையான வேலை என்று அம்மா சொல்வாள். எனக்கென்னவோ குடோன்தான் மரியாதையான இடமாகத் தெரிந்தது.

ஆயுத பூஜை வந்துவிட்டால் மாமா லாரி பிடித்துக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போய், வாடகைக்குக் கொடுத்த சாமான் அத்தனையையும் திரும்ப அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். கம்பெனிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். இரும்புக்கு எதற்கு விடுமுறை என்று கேட்பார்கள். வருடம் முழுக்க உழைக்கிற மாட்டுக்கு ஒரு நாள் பொங்கல் உண்டு, இதற்கு மட்டும் ஏன் கூடாது என்பது மாமாவின் கட்சி. அதை வியட்நாமிய மொழியில் அவர் எப்படி விளக்கினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உண்மையில் அது சாமான்களுக்கு ஓய்வு நாளே இல்லை. ஒவ்வொரு பாலாங்கையும் மாமா மண்ணெண்ணெயில் குளிப்பாட்டுவார். மூடியைத் திறந்து பல்சக்கரத்தைப் பார்ப்பார், கொக்கியைத் தாங்கும் ஆணியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், தேய்ந்திருந்தால் தூர எறிந்துவிட்டு வேறு போடுவார். எண்ணெய் விட்டு மூடி, கூரையிலிருந்து தொங்கவிட்டு, தானே அதில் தொங்கி ஆடிப் பார்ப்பார். மாமா ஒல்லியானவர் அல்ல. அவர் ஆடி இறங்கிய பிறகும் அது சும்மா இருந்தால்தான் என் பக்கம் திரும்பி, "வையி மருமவளே" என்பார். அதற்குப் பிறகுதான் என் வேலை. சந்தனத்தைத் தொட்டு வைத்து, நடுவில் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து மாமாவின் மனைவியான அத்தை வாங்கி வந்த குங்குமத்தை வைப்பேன். அவர் 'வை' என்று சொல்லாத எதற்கும் நான் பொட்டு வைத்ததில்லை. குங்குமம் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது என்பதால், மறுநாள் விஜயதசமியன்று அதே இடத்தில் சிவப்புப் பெயின்ட்டால் இன்னொரு பொட்டு. அதுவும் என் கைதான். பெண்பிள்ளை கை பட்டால் சாமான் விளங்கும் என்று அத்தை சொல்வாள். கை நடுங்காது, அதனால்தான் என்று மாமா சொல்வார். எது காரணமானாலும் அந்தப் பதவி என்னுடையது, அதை யாரும் பிடுங்கிக்கொள்ள விடமாட்டேன்.

நாளாக ஆக அந்தப் பொட்டுக்குக் கட்டட வேலைக்காரர்கள் நடுவில் ஒரு பெயர் வந்துவிட்டது. சிவப்புப் பொட்டு இருந்தால் நம்பித் தூக்கலாம் என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் ஆன் பா. அங்கே தெற்கில் பிள்ளைகளைப் பிறந்த வரிசைப்படி எண் வைத்துக் கூப்பிடுவது வழக்கம், எங்களில் பெரியண்ணன், நடுவண்ணன் என்பது போல. பா என்றால் மூன்று; மூன்றாம் எண்காரரான இவரை எல்லோரும் ஆன் பா, அதாவது மூன்றாம் எண் அண்ணன், என்றார்கள், அவர் மனைவியை சி பா என்றார்கள். குடோனுக்குச் சாமான் எடுக்க வரும்போதெல்லாம் பாலாங்கைத் திருப்பிப் பொட்டைத் தேடுவார். கிடைத்ததும் என்னைப் பார்த்து, பெரிய அதிகாரிக்கு வைப்பது போல ஒரு சலாம் வைப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தச் சலாம் எனக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் மாமா பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு நீல நிறப் பாலாங் வாங்கினார். மற்றதெல்லாம் பச்சை, அது ஒன்றுதான் நீலம். வாங்கிய அன்றே ஒரு கம்பெனி அவசரமாகக் கேட்டது. மாமா சங்கிலியை இழுத்துப் பார்த்தார், சுற்றிப் பார்த்தார், பூஜைக்கு வரும்போது திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார். பூஜை வந்தது. லாரி போய் எல்லாவற்றையும் அள்ளி வந்தது, நீலம் மட்டும் வரவில்லை. மேல்மாடியில் வேலை மும்முரமாக நடக்கிறது, கழற்ற முடியாது என்று கம்பெனி மேனேஜர் சொல்லி அனுப்பிவிட்டார். மாமா கொஞ்சம் கத்தினார், பிறகு போகட்டும் என்று விட்டுவிட்டார். நான்தான் விடவில்லை. நீலத்தின்மேல் சிவப்புப் பொட்டு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு, கிண்ணத்தில் குங்குமம் மிச்சம் வைத்துக்கொண்டு சாயந்தரம்வரை வாசலில் நின்றேன்.

மழைக்காலம் முடியும் சமயம் அந்தப் பாலாங் விழுந்தது. இரும்புக் கம்பிக் கட்டு மேலே போய்க்கொண்டிருந்தபோது கொக்கியின் ஆணி விட்டுப்போய், பாலாங்கே கழன்று கீழே வந்துவிட்டது. கீழே நின்று கயிற்றைப் பிடித்துக் கட்டு ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆன் பா. இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. காலை வெட்டாமல் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் கணுக்கால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். சாரத்தில் ஏறிப் பிழைக்கிற மனிதருக்கு மடங்காத கால் எதற்கு ஆகும்? அத்தை ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி செய்து அனுப்பினாள். பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள், வீட்டில் என்ன வேகிறது என்று போய் வந்தவர்களைக் கேட்டுக் கேட்டு அழுதாள்.

அழுதவளுக்குச் சீக்கிரமே வேறு கவலை வந்தது. அடிபட்டது யார் குற்றம் என்று கேள்வி வந்துவிட்டது. வேலை நேரத்தில், வேலை கொடுத்தவர் அல்லது சாமான் கொடுத்தவர் தவறால் அடிபட்டால் வைத்தியச் செலவு, எழுந்து நடமாடும்வரை கூலி, உடம்பில் போன பங்குக்கு ஈடு எல்லாம் அவர்கள் தலையில். அடிபட்டவரே கவனக்குறைவாக நின்றார் என்று ஆகிவிட்டால் ஒரு கூடைப் பழமும் இரண்டு டின் பாலும்தான் ஆன் பாவுக்குக் கிடைக்கும். இது நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தப் பாலாங் மேலே தொங்கிய வரையில் எல்லோரும் அதைச் சொந்தம் கொண்டாடினார்கள், விழுந்ததும் அதை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்பதுதான்.

ஒரு மத்தியானம் அந்தக் கம்பெனி மேனேஜர் வண்டியில் நீலப் பாலாங்கை ஏற்றிக்கொண்டு எங்கள் குடோனுக்கு வந்தார். அத்தைக்கு ஒரு கூடை பழமும் கொண்டுவந்திருந்தார். நல்ல சிரித்த முகம், தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருப்பார். அடுத்த வாரம் வார்டு அலுவலகத்தில் தொழிலாளர் துறை அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார், பாலாங்கையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். வருடா வருடம் நீங்கள் பார்த்துப் பொட்டு வைப்பது ஊருக்கே தெரியும். இதற்கும் ஒரு பொட்டு இருந்துவிட்டால் சாமான் நல்ல சாமான் என்று ஆகிவிடும். உங்களுக்கும் வம்பில்லை, எங்களுக்கும் வம்பில்லை. பாரத்துக்கு அடியில் நின்றது அந்த ஆளின் தப்பு.

எனக்குக் காதில் விழுந்தது பொட்டு என்ற ஒரு வார்த்தைதான். ஓடிப்போய்ப் பெயின்ட் டின்னையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். நீலத்தில் சிவப்பு, கடைசியில் பார்க்கப் போகிறோம். மாமா என் கையிலிருந்து தூரிகையை மெதுவாக வாங்கிக்கொண்டார். என்னிடம்தான் தமிழில் பேசினார்.

"தொறந்து பாத்து நான் 'வை'ன்னாத்தானே நீ வைப்ப? இதுக்கு நான் சொல்லலியே."

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் தூரிகை டின்னுக்குள் திரும்பப் போனது தெரிந்தது. யோசியுங்கள், அங்கே பேச வேண்டியதையெல்லாம் நானே பேசிக்கொள்கிறேன், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, சிரித்த முகம் மாறாமல் போனார். நான் இரண்டு நாள் மாமாவுடன் பேசவில்லை. கைக்கு எட்டிய பாலாங்கை யார் பறித்தாலும் கோபம் வரத்தானே செய்யும்.

அத்தைக்கு மேனேஜர் சொன்ன கடைசி வார்த்தை மட்டும் மனதில் தங்கிவிட்டது. மறுநாள் சோறு போடும்போது ஆரம்பித்தாள். "எல்லாரும் என்னுது இல்ல என்னுது இல்லங்குறான். நீங்க மட்டும் ஏன் மாரத் தட்டிக்கிட்டு நிக்கணும்? இந்தக் குடோன விட்டா நமக்கு என்னா இருக்கு?" மாமா ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அத்தை கெட்டவள் இல்லை. ஆன் பாவுக்குக் கஞ்சி போவது நிற்கவே இல்லை. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டு மாமா கொண்டுவந்த காசில் குடித்தனம் நடத்தியவள் அவள். அந்த நாட்கள் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. கடைசியில் மாமாவை மாரியம்மன் கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போய், அம்மன் முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கிவிட்டாள். நானும் உடன் போயிருந்தேன். மாமா கைகூப்பிக்கொண்டு தெளிவாகச் சொன்னார்: "நானா ஒரு வார்த்தையும் எடுத்துச் சொல்லமாட்டேன். கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்." யார் கேட்கப் போகிறார்கள் என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

அந்த வாரம் முழுக்க மாமாவுக்கு என்னைச் சீண்டுவதே வேலையாக இருந்தது. பள்ளிவிட்டு வந்தால் வாசலிலேயே பிடித்துக்கொள்வார். நிஜமாகவே அந்த நீலம் பூஜைக்கு வரவில்லையா, இல்லை நீதான் அசந்துவிட்டாயா? சின்னப் பிள்ளைதானே, ஒன்று தப்பிப்போயிருக்கும் என்பார். நான் இல்லை என்பேன். வந்திருக்கும் மருமவளே, நீ வடையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய் என்பார். எனக்கு அழுகையாக வந்துவிடும். வரவில்லை, நான் குங்குமக் கிண்ணத்தோடு வாசலில் நின்றேன், அத்தையைக் கேளுங்கள் என்று கத்துவேன். மாமா சிரித்துக்கொண்டே போய்விடுவார். மறுநாள் மறுபடியும் அதே கேள்வி. என் பொட்டைப் பற்றி என் வீட்டு மனிதரே இப்படிப் பேசினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? தூக்கத்தில்கூட நீலப் பாலாங் வரவில்லை என்று நான் உளறியதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.

விசாரணை நாள் காலையில், இவளும் வரட்டும் என்று மாமா சொன்னார். அம்மாவுக்கு ஆச்சரியம். கோயில் திருவிழாவுக்குக்கூட என்னைப் பள்ளிக்கு மட்டம் போட விடாதவர் அவர். பிள்ளை பக்கத்தில் இருந்தால் அதிகாரிக்கு மனம் இளகும், அதிகம் குடையமாட்டார்கள் என்று காரணம் சொன்னார். அத்தைக்கு அது சரியாகப் பட்டது. அவளே எனக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, பள்ளிச் சீருடையின் சிவப்புக் கழுத்துத் துணியை முடிந்துவிட்டாள். ஹோண்டாவில் நான் முன்னால், அத்தை பின்னால். வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது மாமா என் காதில், இன்றைக்காவது உண்மையைச் சொல், தப்பவிட்டாய்தானே என்றார். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

வார்டு அலுவலகத்தில் ஒரு நீளமான மேசை, சின்னச் சின்னக் கோப்பைகளில் தேநீர். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் நீலப் பாலாங்கை வைத்திருந்தார்கள். கிரீஸ் கசிந்து தாள் கறுத்துப் போயிருந்தது. அதிகாரி ஒரு பெண், அம்மா வயது இருக்கும், கண்ணாடியை மூக்கின் நுனியில் போட்டிருந்தார். ஆன் பா கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்தார். சி பா அவரை உட்காரவைத்து, நீட்டியே இருந்த காலுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். வழக்கம் போல எனக்குச் சலாம் வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் நன்றாகப் பேசினார். சாமானை வாடகைக்குக் கொடுத்த கடை ஊரறிந்த கடை. ஒவ்வொரு வருடமும் பிரித்துப் பார்த்துப் பொட்டு வைத்த பிறகே அனுப்புகிறார்கள், கட்டட வேலைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட சாமான் விழுந்தது என்றால் யாரோ கண்டபடி இழுத்திருக்கிறார்கள், நிற்கக்கூடாத இடத்தில் நின்றிருக்கிறார்கள். அனுதாபம் இருக்கிறது, பழங்கள் கொண்டுபோய்க் கொடுத்தோம், இனியும் கொடுப்போம். மாமா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை அவருடைய முழங்கையைத் தொட்டபடியே இருந்தாள். சி பா முந்தானை இல்லாத நாட்டுக்காரி, சட்டைக் கைநுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி எழுந்து வந்து குனிந்து பாலாங்கை ஒரு பென்சிலால் இப்படியும் அப்படியும் புரட்டினார். பொட்டு எங்கே என்று கேட்டார். மேனேஜர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. பொட்டு வைக்கிறது ஒரு சின்னப் பிள்ளை, இதோ உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், இத்தனை சாமானில் ஒன்றைத் தப்பவிட்டிருக்கும் என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவ்வளவுதான். ஒரு வாரமாக உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது பொங்கிவிட்டது. நான் எழுந்து நின்று, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரலில், வியட்நாமிய மொழியில் சொன்னேன். நான் எதையும் தப்பவிடவில்லை. மற்றது எல்லாம் பச்சை, இது நீலம், எனக்கு நன்றாகத் தெரியும். இது பூஜைக்கு வரவே இல்லை. மாமா லாரி அனுப்பினார், இவர்தான் கழற்ற முடியாது என்று திருப்பி அனுப்பினார். வாங்கின நாளிலிருந்து இதை யாரும் திறந்து பார்க்கவில்லை. பார்க்காததற்கு நான் பொட்டு வைக்கமாட்டேன். போன வாரம் இவர் வந்து வைக்கச் சொன்னபோதும் நான் வைக்கவில்லை.

கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமைக்காக மாற்றிச் சொன்னேன் என்பது உண்மைதான். மாமா தூரிகையைப் பிடுங்காவிட்டால் வைத்திருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்கு நினைவில் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. அத்தையின் கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மாமா பக்கம் திரும்பினார். பிள்ளை சொல்வது சரியா என்று கேட்டார்.

இங்கேதான் என் மாமாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழந்தை ஏதோ உளறுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒன்பது வயதுப் பிள்ளையின் பேச்சை யாரும் எழுதி வைத்துக்கொள்ளப் போவதில்லை. மாமா எழுந்து நின்றார். எதற்கெடுத்தாலும் ஒன்றுக்கு ஒன்பதாகப் பேசுகிறவர் அன்று அளந்து பேசினார். பிள்ளை சொன்னது அத்தனையும் சரி. அந்தப் பாலாங் என்னுடையது. திறந்து பார்க்காமல் அனுப்பியது நான். அவர்கள் தராதபோது நானே போய்க் கழற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கொக்கி ஆணி தேய்ந்திருக்கிறது, இப்போதே திறந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தார்.

திறந்து காட்டினார். அதிகாரி ஆணியைக் கையில் வாங்கிப் பார்த்தார், ஆன் பாவிடமும் கொடுத்தார். ஆன் பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாரத்துக்கு அடியில் நிற்கக்கூடாது என்று மேனேஜர் மறுபடி ஆரம்பித்தபோது, கயிற்றைப் பிடிக்கிறவர் கீழே நிற்காமல் வேறு எங்கே நிற்பார் என்று அதிகாரி கேட்டார். அங்கே நிற்பதற்குத்தானே அவருக்குக் கூலி கொடுத்தீர்கள் என்றார். பிறகு முடிவைச் சொன்னார். அடிபட்டவர் மேல் தவறு இல்லை. வேலை வாங்கிய கம்பெனியும், பார்க்காத சாமானைக் கொடுத்தவரும் பொறுப்பு. இரண்டு பேரும் சேர்ந்து அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். சி பா இருந்த இடத்திலேயே இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடிபட்ட நாளிலிருந்து அவள் புருஷனைக் குற்றவாளியைப் போலவே எல்லோரும் பேசி வந்திருந்தார்கள்.

எனக்கோ நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் பட்டது. பிள்ளை சொல்வது சரி என்று பெரியவர்கள் நிறைந்த சபையில் மாமா எழுந்து நின்று சொல்லிவிட்டாரே, இதற்குமேல் என்ன வேண்டும்? தேத் புத்தாண்டுக்கு முன்னால் ஒரு நாள் லாரி வந்து, பச்சைப் பாலாங்குகளில் பெரும்பாலானவற்றை ஏற்றிக்கொண்டு போனபோது, அந்த விசாரணைக்குப் பிறகு எங்கள் சாமானுக்குக் கிராக்கி கூடிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பீற்றிக்கொண்டேன். போன சாமான் திரும்பி வராதது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. ஆன் பாவுக்குத் தன் பங்கைக் கொடுத்து முடிக்க மாமா அவற்றை விற்றிருந்தார். அந்த ஈட்டை வைத்து ஆன் பா தன் வீட்டு வாசலிலேயே ஒரு காப்பிக் கடை போட்டார், உட்கார்ந்தபடி செய்கிற தொழில். அத்தை சில நாள் மாமாவுடன் பேசவில்லை. பிறகு அந்தக் காப்பிக் கடைக்கு முதலில் போய் உட்கார்ந்தவளே அவள்தான். பின்னாளில் கோயிலுக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது, உண்மையைச் சொல்லுங்கள் என்று மாமாவைத் தள்ளிவிட்டதே தான்தான் என்பது போலச் சொல்வாள். மாமா மறுக்கமாட்டார். அவரைப் போல ஒரு மனிதரை நான் அதற்குப் பிறகு எந்தச் சபையிலும் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

அன்றைக்கு வார்டு அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும் அத்தை விறுவிறுவென்று நடந்துபோய் ஒரு சைக்ளோ ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மாமா என்னைத் தெருமுனைக் கரும்புச் சாற்றுக் கடைக்கு அழைத்துப் போனார். அத்தை ஏன் கோபமாக இருக்கிறாள் என்று கேட்டேன். வெயில் என்றார். அப்போதுதான் எனக்கு அம்மன் முன்னால் அவர் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. நீங்கள் பேசிவிட்டீர்களே, சாமி கண்ணைக் குத்தாதா என்று பயத்தோடு கேட்டேன்.

"நானா எங்க பேசுனேன்? கேட்டாங்க, சொன்னேன்" என்றார் மாமா.

அது நியாயமாகத்தான் பட்டது. அவர் அதற்குப் பிறகு, நீலம் பூஜைக்கு வந்ததா இல்லையா என்று என்னை ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு வாரமாக ஏன் அதையே கேட்டுக் கேட்டு என்னைக் கொதிக்கவைத்தார், என்றைக்கும் இல்லாமல் அன்று ஏன் பள்ளிக்கு மட்டம் போடச் சொன்னார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனம் இளகுவதற்காக அழைத்துப் போன பிள்ளை நான் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். மாமா தன் கிளாஸையும் என் பக்கம் தள்ளிவைத்தார். பொட்டு வைப்பதில் நான் அசந்துபோகிறவள் இல்லை என்பது இனி ஊருக்கே தெரியும் என்ற பெருமையில் அதையும் குடித்து முடித்தேன்.